கடையில் போட்ட சண்டை

வெளிமாநில ஊரில், கேம்ப் ஸ்டாப்பில் கராடி போகும் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டைக்கா. இப்பத்தான் மனசு நிம்மதியா இருக்கு."

"சண்டை போட்டா நிம்மதியா?"

"தொண்டை ஆபரேஷன்ல குரல் போனதுலேர்ந்து, எது கேட்டாலும் சீட்டுல 'சரி'ன்னு மட்டுந்தான் எழுதிக் காட்டுவார். மனுஷன் இப்படியே ஒடுங்கிப் போயிடுவாரோன்னு பயந்துட்டேன்."

"அப்புறம்?"

"நேத்து லேப்டாப் வாங்கப் போனோம். திரையைத் திருப்பி மடிச்சா சிலேட்டு மாதிரி ஆயிடும், பேனாவால எழுதலாம். நான் பெரிசா எடுக்கச் சொன்னேன். அவர் இருக்கறதுலயே விலை கம்மியானதை எடுத்து, அதுலயே எழுதி என் பக்கம் திருப்பினார். 'நாலு மெயில் அனுப்பணும், உன்கிட்ட பேசணும். அதுக்கு இது போதும். நீ சும்மா இரு.' நானும் விடலை. அவர் அழிச்சு அழிச்சு எழுதறார், நான் கத்தறேன், கடைக்காரர் முழிக்கிறார்."

"யாரு ஜெயிச்சா?"

"அவர்தான். சின்னதைத்தான் வாங்கினோம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேட்டரி மூணு மணி நேரங்கூட நிக்கலைக்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவரைக் கேக்கப் போறேன்."