பார்ப்போம் டீச்சரின் இரண்டு அறைகள்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, நாற்காலி கிடைத்து உட்கார்ந்திருப்பவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் வகுப்புக்காரர்களே, டீச்சரின் நினைவுக் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தப் பேச்சை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. சில வரிகள் மேலே ஏறுகின்றன, சில வரிகள் கீழே வழுக்குகின்றன. எழுதியவனுக்கே படிக்கச் சிரமம். நான் நடுவில் நின்றால் எழுத்தைத் தேடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுகிற இடம் வேறு; அது பின்னால் வரும்.

நான் ஒரு பெரிய கட்டிடத்தில் லிப்ட் ஓட்டினவன். எண் தெரியும், எழுத்து தெரியாது. எந்த மாடியில் எந்த ஆபீஸ் என்று கேட்டால் சொல்வேன். கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் இருமுவேன். ஓய்வு பெற்ற பிறகுதான் படிக்க வந்தேன்.

"இந்த வயசுல எதுக்கு மாமா?" என்றாள் மருமகள்.

"இந்த வயசுலதானேம்மா நேரம் கிடைச்சிருக்கு" என்றேன்.

இப்போது மிட்டாய் உறை, பஸ் போர்டு, அவளுடைய பவுடர் டப்பா, எதையும் விடுவதில்லை. எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்கிறேன். "போதும் மாமா, டப்பாவுக்கே காது வலிக்குது" என்கிறாள். வலிக்கட்டும்! இந்த ஆனந்தத்தை எனக்குக் கொடுத்தவர் யார்? நம் ஆசிரியை, நம் ஆய்வாளர், நம் பார்ப்போம் டீச்சர்!

ஆய்வாளர் என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொன்னேன். மேடையில் நாங்கள் படித்த பயிற்சி நிறுவனத்தின் இயக்குநர் நிமிர்ந்து உட்கார்கிறார். உட்காருங்கள் ஐயா, உங்களிடம்தான் வருகிறேன்.

ஏன் அவருக்கு அந்தப் பெயர்? எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அது. "டீச்சர், பாட்டா சொன்னா எழுத்து மனசுல நிக்குமா?" "கொஞ்சம் பேர் பாடுங்க, கொஞ்சம் பேர் பாடாம படிங்க. பார்ப்போம்." எங்கள் வகுப்பில் ஒரு கசாப்புக்கடைக்காரர் உண்டு. அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"டாக்டர்கிட்ட போனா உடனே மாத்திரை தர்றாரு. நீங்க என்னன்னா பார்ப்போம் பார்ப்போம்ங்கறீங்க!"

"அந்த மாத்திரையை யாரோ முன்னாடியே பார்ப்போம்னு சொல்லிச் சோதிச்சதாலதான் அவர் உடனே தர்றாரு அண்ணே" என்றார் டீச்சர்.

ஆய்வு என்றால் என்ன? தடித்த அட்டை போட்ட புத்தகம் என்று நினைத்திருந்தேன். கடைசிப் பக்கம்வரை யாரும் படிக்காத புத்தகம். டீச்சர் எனக்குச் சொன்னது வேறு. "எனக்கு இது தெரியலேன்னு முதல்ல ஒத்துக்கணும். தெரிஞ்சுக்க நேர்மையான வழி தேடணும். ஆசைப்பட்ட பதில் வரலேன்னாலும் வந்ததையே எழுதணும்." சொல்ல எளிது. செய்தவர் எத்தனை பேர்?

அவர் செய்தார். பயிற்சி நிறுவனத்தில் எங்களை இரண்டு அறைகளில் உட்கார வைத்தார். முதல் அறையில் இயக்குநர் எழுதிய புத்தகம். எழுத்துகள் வரிசையாக வரும். இரண்டாவது அறையில் புத்தகமே கிடையாது. அவரவர் தொழிலின் சொற்களை எடுத்து, அதிலிருந்து எழுத்தைப் பிரித்துப் படிப்பது. நான் இரண்டாவது அறை. நான் முதலில் எழுதிய சொல் 'கதவு'. வாழ்நாளெல்லாம் திறந்து மூடியது அதைத்தானே! பெரியவர்களுக்கு எந்த வழியில் வாசிப்பு சீக்கிரம் வருகிறது? இதுதான் டீச்சரின் கேள்வி.

எங்கே தவறு நடந்தது? ஒரு தையல்காரர் முதல் அறையில் இருந்தார். துணி சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அவர் மனைவி இரண்டாவது அறையில் இருந்தார். ஒருநாள் டீச்சர் முதல் அறைப் பலகையில், சோதித்துப் பார்க்க, 'வெந்நீர்' என்று எழுதினார். முதல் அறை இன்னும் பாதி எழுத்துகளைக்கூடத் தாண்டவில்லை. தையல்காரர் சட்டென்று படித்துவிட்டார்.

"இந்த எழுத்து உங்க அறைக்கு இன்னும் வரலையே அண்ணே. எப்படிப் படிச்சீங்க?"

"வீட்ல டீச்சர். சாப்பாடு போடும்போதே பாடத்தையும் சேர்த்துப் போடுறா. ரெண்டையும் மிச்சம் வைக்கக் கூடாதுங்கறா."

பக்கத்து அறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தார். "பின்னே? கட்டின புருஷன் திணறும்போது வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களா?"

இரண்டு அறையும் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு விசாரித்தார். தையல்காரர் வீட்டில் கற்றதைத் தேநீர் இடைவேளையில் முதல் அறை முழுவதற்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! நல்ல மனிதர். நல்ல மனைவி. ஆய்வு மட்டும் கெட்டது. கடைசிச் சோதனையில் இரண்டு அறைகளும் ஒரே அளவில் வந்து நின்றன. வராமல் என்ன செய்யும்?

அன்று இயக்குநர் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தவில்லை. உள்ளே பேசியது இது.

"ரெண்டும் சமம்னு வந்திருக்கு டீச்சர். அப்ப என் புத்தகமே போதும். அறிக்கையை அச்சுக்கு அனுப்பிடலாம்."

"சார், இது சமம் இல்ல. கலந்துபோச்சு. ரெண்டு குடத்துத் தண்ணியையும் ஒண்ணா ஊத்திட்டு, ரெண்டும் ஒரே ருசின்னு சொல்ற மாதிரி. மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் போட்டீர்கள் ஐயா. உங்கள் பெயரில் அறிக்கை வந்தது. உங்கள் புத்தகம் எல்லா மையங்களுக்கும் போனது. உங்களுக்குப் பாராட்டு விழா நடந்தது. 'கேள்வி முடிந்துவிட்டது' என்று சொல்லி எங்கள் வகுப்பை மூடினீர்கள். அந்தப் புத்தகத்தோடு எத்தனை பேர் பாதியில் எழுந்து போனார்கள்? வேறு வழியில் சொல்லிக் கொடுத்திருந்தால் அவர்கள் இருந்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்த ஒருத்தியைத்தான் வெளியே அனுப்பினீர்கள்!

டீச்சர் பஸ் பணிமனையின் ஓய்வறைக்கு வந்தார். டீசல் வாசனையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். புதிய மாணவர்கள், இரண்டு குழுக்கள், வெவ்வேறு நாட்கள். கணவன் மனைவி ஒரே குழுவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். "குடும்பத்தைப் பிரிச்சா ஆராய்ச்சி உருப்படாது" என்று சிரிப்பார். கடைசிச் சோதனை வருவதற்குள் நோய் வந்துவிட்டது.

இப்போது வாசலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸுக்கு வருகிறேன். நிறுவனம் ஒட்டியது. வாழ்க்கையில் யாருடைய உதவியும் இல்லாமல் நான் முழுசாகப் படித்த முதல் நோட்டீஸ் அது. என்ன எழுதியிருக்கிறது? 'அன்பே உருவான ஆசிரியை. ஆய்வில் அவருக்கு நாட்டம் இல்லை எனினும் மாணவர் மனங்களில் வாழ்வார்.' ஆய்வில் நாட்டம் இல்லையா! இதைப் படிக்கவா ஐயா நான் படித்தேன்?

எனக்குக் கோபம். மறைக்க மாட்டேன். ராத்திரி படுத்தால் பல் நறநற என்கிறது. மிச்சம் இருப்பதே நாலைந்து பல். ஆஸ்பத்திரியில் டீச்சரிடமே சொன்னேன்.

"நம்ம வழிதான் ஜெயிக்கும், இல்லையா டீச்சர்? அந்த ஆளை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைக்கணும்."

"ஜெயிக்கும்னு தெரிஞ்சா எதுக்கு ஐயா இவ்வளவு பாடு?"

"ஒருவேளை அவர் புத்தகமே நல்லதுன்னு வந்துட்டா?"

"அப்படியே எழுதணும்."

"என்னால முடியாது டீச்சர்."

"உங்களால முடியாதுன்னா நீங்க தாள் திருத்தாதீங்க. கோபம் இருக்கலாம். அது மார்க் போடக் கூடாது."

அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. நான் அழும் இடம் இதுதான். கொஞ்சம் பொறுங்கள்.

ஆகவே இந்தச் சபையில் சொல்கிறேன். டீச்சரோடு பணி செய்த சின்ன டீச்சர் இங்கே இருக்கிறார். பணிமனையில் நின்றுபோன கடைசிச் சோதனையை அவர் நடத்துவார். எந்தத் தாள் எந்தக் குழுவுடையது என்று தெரியாத வெளி ஆட்கள் திருத்துவார்கள். நானும் தையல்காரரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். உங்கள் புத்தகம் நல்லது என்று வந்தால், ஐயா, இதே மேடையில் நானே அதை உரக்கப் படிப்பேன். ஒவ்வொரு சொல்லும் என் தொண்டையில் முள்ளாகக் குத்தும். ஆனாலும் படிப்பேன். அது டீச்சருக்கு நான் செய்யும் மரியாதை.

ஆனால் என் கணக்கு வேறு. புத்தகம் நல்லதோ கெட்டதோ, கலந்துபோனது என்று தெரிந்த ஒன்றை நீங்கள் முடிவு என்று அச்சடித்தீர்கள். அதற்குச் சோதனை தேவையில்லை. அதை நான் மன்னிக்கப் போவதில்லை. இதோ, என் சட்டைப்பையில் உங்களுக்கு ஒரு கடிதம். இறங்கியதும் உங்கள் கையில் கொடுப்பேன். எல்லோருக்கும் தெரியட்டும் என்று இப்போதே படிக்கிறேன்.

'ஐயா, அந்த அறிக்கை தவறு என்று எப்போது அச்சடிப்பீர்கள்?'

அவ்வளவுதான். இதன் நகல் உங்கள் புத்தகம் இருக்கும் ஒவ்வொரு மையத்துக்கும் போகிறது. நான் எழுதுகிறேன், கசாப்புக்கடைக்காரர் தபால்தலை ஒட்டுகிறார், தையல்காரரின் மனைவி பிழை திருத்துகிறார். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். அதற்கும் வராவிட்டால் அதற்கடுத்த வாரம். நான் போய்விட்டால் ஓய்ந்தது என்று நினைக்காதீர்கள் ஐயா. சுவரோரம் நிற்கிறார்களே, அவர்களைப் பாருங்கள். அத்தனை பேருக்கும் எழுதத் தெரியும்.