மாடிக்குப் போன சார்

ஹலோ... ஹலோ, மேடமா? மேடம், நான்தான், நாலாவது தெரு கேப்டன்... ஆமா மேடம், உங்க மக்கள் போலீஸ் குழு கேப்டன்தான்... பிஸியா இருக்கீங்களா? ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம். நல்ல சேதி. புடிச்சிட்டோம்!

...அட, உங்க ஆளைத்தான் மேடம்! மஃப்டியில அனுப்பினீங்களே, அவரை!... ஆமா ஆமா. இந்த வாரம் ஏதோ ஒரு நாள் எங்க ஆள் ஒருத்தர் புது ஆள் மாதிரி வந்து சுத்துவார், எந்தத் தெருக்காரங்க முதல்ல கண்டுபிடிக்கிறாங்கன்னு பார்ப்போம்னு மீட்டிங்ல சொன்னீங்களே, அதேதான். இந்தத் தடவை ஷீல்டு எங்களுக்கு. இப்பவே எழுதி வெச்சுக்கோங்க மேடம். இல்லன்னா அந்த ரெண்டாவது தெரு பியூட்டி பார்லர் அம்மா, நான்தான் முதல்லன்னு வந்து நின்னுடுவாங்க. போன தடவை வாங்கின ஷீல்டை கல்லா மேல வெச்சுக்கிட்டு, புருவம் எடுக்க வர்றவங்க ஒருத்தர் விடாம காட்டறாங்களாம்.

...எப்படியா? மூணாவது மாடியில மேடம். பேங்க்காரர் வீட்டுல எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க இல்ல, அந்தக் கதவுகிட்ட நின்னு பூட்டைத் தடவித் தடவிப் பார்த்துட்டிருந்தார். நான் மொட்டை மாடியில துணி எடுத்துட்டு இறங்கி வர்றேன், அப்படியே நின்னுட்டேன். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே, பயப்படாம, சிரிச்ச முகமா, "யாரைப் பார்க்கணும்"னு கேட்டேன். முழிச்சார். நான் விடுவேனா? "சார், நீங்க போலீஸ்தானே"ன்னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தார். அப்புறம் சிரிச்சார். "கண்டுபிடிச்சிட்டீங்களேம்மா"ன்னார். தங்கமான மனுஷன் மேடம். நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு. நெத்தியில வேர்வையெல்லாம் வரவழைச்சிருந்தார்.

...ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?

...யாரு? உங்க எதிர்ல யாரு உக்காந்திருக்கார்?

...புரியல மேடம்.

...மஃப்டியில வர வேண்டியவரே அங்கதான் இருக்காரா? காய்ச்சலா. அப்போ இன்னைக்கு அவரை அனுப்பல.

...யாரையுமே அனுப்பல.

...இல்ல, நின்னுட்டுதான் இருக்கேன். உக்காரணுமா? சரி... உக்காந்துட்டேன். கேளுங்க.

...உயரம் நடுத்தரம்தான். சாம்பல் கலர் சட்டை... பை இருக்கு, முதுகுல மாட்டற பை... இடது கையா? ஆமா மேடம், கட்டை விரல் பக்கம் நீளமா ஒரு தழும்பு. டீ டம்ளரை வாங்கும்போது பார்த்தேன். டியூட்டியில பட்டதா சார்னு கூடக் கேட்டேன். ஆமாம்மான்னு தலையாட்டினார்... ஐயோ. அந்த ஹாஸ்டல் வாட்ச்மேனைக் கம்பியால அடிச்ச ஆளா? மண்டையில தையல் போட்டாங்கன்னு மீட்டிங்ல சொன்னீங்களே, அவனா?

...இல்ல மேடம், இங்க இல்ல. நாங்க கீழ் வீடு. அவர்... அவன் மேல போயிருக்கான். எங்க வீட்டுக்காரர் கூடப் போயிருக்கார்.

...எதுக்கா? பூட்டியிருக்கிற வீடுகளைத் திறந்து செக் பண்ணணும்னு சொன்னான் மேடம். இந்த டெஸ்ட்ல அதுவும் உண்டுன்னான். வெளியூர் போறவங்க சாவியைக் கேப்டன்கிட்ட கொடுத்துட்டுப் போங்கன்னு நீங்கதானே ஏற்பாடு பண்ணீங்க? நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பேங்க்காரர் வீடு, அவங்க எதிர்ல டீச்சர் வீடு, ரெண்டு சாவியும். என் கையாலேயே கொக்கியில இருந்து எடுத்து இவர் கையில கொடுத்து, "சாருக்கு நல்லாக் காட்டுங்க"ன்னு வேற சொன்னேன்.

...அழல மேடம். குரல் அப்படித்தான் இருக்கு.

...யாரும் இல்ல. பகல் நேரம், எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. பக்கத்துல பல் டாக்டர் கிளினிக், அது சாயந்திரம்தான் திறப்பாங்க. நான், இவர், அவன். அவ்வளவுதான்.

...கிரில் கேட்டா? இருக்கு, மாடிப்படி ஆரம்பத்துலேயே. நீங்க வந்து பார்த்துட்டு, போட்டே ஆகணும்னு சொன்னப்புறம்தானே போட்டோம்... ஆமா, மேல இருந்து வெளிய வர அது ஒண்ணுதான் வழி... மொட்டை மாடிக் கதவைப் பூட்டிட்டேன், சாவி என்கிட்டதான் இருக்கு... சரி. சரி. போறேன். செருப்பு போடல, சத்தம் வராது.

...வந்துட்டேன். பூட்டு கொக்கியிலேயே தொங்குது, சாவியும் அதுலதான்... ஆமா, மெதுவாத்தான் பேசறேன். மேல பேச்சு கேக்குது. எங்கவர்தான் பேசறார். சின்ன வயசுல போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனார், நெஞ்சு அளவு பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தக் கதை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான், இன்னைக்கு போலீஸே கிடைச்சிருக்கு, விடுவாரா?

...இப்பவே பூட்டணுமா?

...மேடம், அவர் உள்ள இருக்கார்.

...இல்ல, நீங்க சொல்றது புரியுது. பூட்டினா அவரும் அந்தப் பக்கம்தானே மாட்டிப்பார்... தெரியுது. ரெண்டு மாசமா தேடறீங்க, தெரியுது... இப்ப விட்டா கிடைக்க மாட்டான், அதுவும் தெரியுது மேடம்... போலீஸும் மக்களும் ஒரே டீமா? அது பேனர்ல போட்டிருந்தது. அந்த பேனர் கீழ நின்னுதானே சொன்னீங்க, "நீங்க யாரையும் புடிக்க வேண்டாம், ஒரு போன் போதும், மீதியை நாங்க பார்த்துக்கறோம்"னு? போன் பண்ணிட்டேன். மீதி எங்க மேடம்?

...ரயில்வே கேட்டுல நிக்குதா. ஒரே வண்டிதானா இருக்கு உங்ககிட்ட?

...கோவப்படல. கோவப்படல மேடம். முதல்ல இவரைக் கீழ வரவைக்கறேன். இவர் வெளிய வந்த அடுத்த நொடி பூட்டிடறேன். இருங்க, எதுவும் பேசாதீங்க.

என்னங்க!... என்னங்க, கொஞ்சம் கீழ வாங்களேன்!... அப்புறம் காட்டலாம் வாங்க! உங்க அக்கா போன்ல இருக்காங்க!... பெரியக்காதான்! கோவமா இருக்காங்க!

...வர்றார் மேடம். பெரியக்கான்னா குளிச்சுட்டிருந்தாலும் சோப்போட ஓடி வருவார்... தனியாத்தான் வர்றார். இல்ல, இருங்க. அவன் மேல கைப்பிடிச் சுவத்துல இருந்து எட்டிப் பார்க்கறான்... கையைக் காட்டறான் மேடம்... நானும் காட்டினேன். வேற என்ன செய்ய?... உள்ள போயிட்டான்.

வாங்க. இன்னும் ரெண்டு படிதான், கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வாங்க... ஏன் கடைசிப் படியிலேயே நின்னுட்டீங்க?... அக்கா இல்லங்க, சும்மா சொன்னேன். கத்தாதீங்க! மேடம் லைன்ல இருக்காங்க. அந்த ஆள் போலீஸ் இல்லையாம்... என்ன சிரிப்பு? ஏங்க, நான் என்ன சொல்றேன், நீங்க சிரிக்கறீங்க... யாரு சொன்னா? அவனேவா?

மேடம், கேட்டீங்களா இவர் சொல்றதை? "இப்ப ஸ்டேஷனுக்குப் போன் போகும், அது எங்க ஆளே இல்லன்னு அவங்க சொல்லுவாங்க, அதை நம்பிப் பதறினா நீங்க ஃபெயில், அதுதான் டெஸ்ட்டோட ரெண்டாவது பாகம்"னு அவன் முன்னாடியே இவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கான். இவர் என்னைப் பார்த்து, ஷீல்டைக் கெடுத்துட்டியேடின்னு தலையில அடிச்சுக்கறார்.

...சரி, நீங்களே சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன், சத்தத்தைக் குறைச்சு. காதைக் கிட்ட கொண்டு வாங்க... கேட்டீங்களா? மேடம் குரல்தானே?... என்னது? ஐயோ, இப்ப போய் அதைப் பேசறீங்களே. மேடம், "நான் போலீஸ்னு போன்ல யார் சொன்னாலும் நம்பாதீங்க, குரலை வெச்சு ஏமாறாதீங்க"ன்னு போன மாசம் பாடம் நடத்தினது நீங்கதானேன்னு கேக்கறார்... ஆமாங்க, சொன்னாங்க. அது அவங்களாக் கூப்பிட்டா. இது நான் கூப்பிட்டது. நான் நம்பர் போட்டுக் கூப்பிட்டேங்க!

மேடம், ஒண்ணு பண்ணுங்க. இவர் நம்பறதுக்கு ஒரே வழிதான் இருக்கு. மீட்டிங் முடியறப்ப எழுந்து இவர் ஒரு கேள்வி கேப்பாரே, அது என்னன்னு சொல்லுங்க... முன் வரிசையில உக்காருவாரே மேடம், வழுக்கை, சட்டைப் பையில ரெண்டு பேனா... ஒவ்வொரு மீட்டிங்லயும் அதே கேள்விதான் கேக்கறார். நீங்க கூட, "நல்ல பாயிண்ட் சார், நோட் பண்ணிக்கறேன்"னு சொன்னீங்க. அன்னைக்கு ராத்திரி முழுக்க அதையே சொல்லிட்டிருந்தார்... தெரு லைட்டா? இல்ல மேடம்... நாயைப் பத்திக் கேட்டது மருந்துக் கடைக்காரர். இவர் இல்ல... யோசிங்க. கொஞ்சம் யோசிங்க மேடம். என் முகத்தையே பார்த்துட்டு நிக்கறார்.

...ஞாபகம் இல்லையா.

...இல்லங்க, அவங்க எவ்வளவு தெருவைப் பார்க்கறாங்க, எல்லாமே ஞாபகம் வெச்சுக்க முடியுமா? ஏங்க! எங்க போறீங்க? நான் விடமாட்டேன்... ஏங்க, கையை உதறாதீங்க! ஏங்க!

...போயிட்டார் மேடம். மறுபடி மேல போயிட்டார். "மேடமா இருந்தா கண்டிப்பா ஞாபகம் இருக்கும்"னு சொல்லிட்டுப் போறார். உங்க மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

...என்ன கேட்டாரா? இப்ப கேக்கறீங்களா? ஸ்டேஷன்ல வேலை பார்க்கறவங்களை எல்லாம் ஒரு தடவை கூட்டிட்டு வந்து எங்களுக்கு முகம் காட்டுங்கன்னு கேட்டார். நாலு மாசத்துக்கு ஒருத்தரை மாத்தறீங்களே, நாங்க யாரைன்னு போலீஸ்னு நம்பறதுன்னு கேட்டார். அவ்வளவுதான்... சரி விடுங்க. மன்னிப்பெல்லாம் அப்புறம். வண்டி எங்க?

...இன்னும் ரயில்வே கேட்டு திறக்கலையா.

...இருங்க. இரும்பு பீரோ கதவு திறக்கற சத்தம். பேங்க்காரர் வீட்டுலதான்... இவர் குரல் கேக்கல மேடம். மேல போய்ச் சேர்ந்திருப்பார், ஆனா குரல் கேக்கல. அவர் இருக்கிற இடத்துல பேச்சு நிக்கவே நிக்காது... என்னங்க!

...கேக்குது, கேக்குது. சிரிக்கறார். ஆமா, அவர்தான்... ஐயோ, வேண்டாங்க. வேண்டாம்... மேடம், சொல்லிட்டார். "நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு சார், என் வீட்டுக்காரி ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி ஏமாந்துட்டா"ன்னு சந்தோஷமா சொல்றார். எல்லாத்தையும் சொல்லிட்டார்.

...ஆமா. அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே நிக்க மாட்டான்... தெரியும் மேடம், இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கிடுவான். தெரியும்!

...பேங்க்காரர் வீட்டு அம்மா என் கையைப் புடிச்சு சாவியை வெச்சுட்டுப் போனாங்க. அவங்க பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்தது எல்லாம் அந்த பீரோவுலதான் இருக்கு.

...பூட்டறேன். பூட்டறேன்னு சொல்றேன் இல்ல, ஒரு நிமிஷம் சும்மா இருங்க.

...கேட்டுச்சா சத்தம்? பூட்டியாச்சு. நீங்க சொன்ன பெரிய சைஸ் பூட்டுதான், உடைக்க நேரம் புடிக்கும். சாவியைக் கழட்டி வெளிய எறிஞ்சுட்டேன். கிளினிக் வாசல்ல செருப்பு வைக்கிற ஸ்டாண்டு இருக்கு, அதுக்கு அடியில போயிடுச்சு. வண்டி வந்ததும் அங்க தேடச் சொல்லுங்க.

...ஆமா, வெளியன்னா கேட்டுக்கு வெளிய... என்ன கேக்கறீங்க? நான் எந்தப் பக்கமா?

உள் பக்கம்.

...மேடம், கத்தாதீங்க. பூட்டச் சொன்னீங்க, பூட்டிட்டேன். அவர் தனியா இருக்கார். அவன் இறங்கி வந்து பார்ப்பான், கேட்டு பூட்டியிருக்கும், அவர்கிட்ட சாவி கேப்பான். அவருக்கு ஒண்ணும் புரியாது, சிரிச்சுட்டு நிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்க அவனுக்கு ஆத்திரம் வரும். சாவி யார்கிட்டயும் இல்ல, யாரை அடிச்சும் பிரயோஜனம் இல்லன்னு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்... இல்ல, முடியாது. இனிமே எப்படி வெளிய போறது?

...காலடிச் சத்தம். வேகமா வர்றான்... ரெண்டு பேர். அவர் பின்னால வர்றார், "சார், சார்"னு கூப்பிட்டுட்டே வர்றார். வைக்காதீங்க மேடம். லைன்லயே இருங்க.

என்ன சார், கிளம்பிட்டீங்களா?... ஆமா, பூட்டியிருக்கு... நான்தான் பூட்டினேன்... சாவி இல்ல சார். என்கிட்டயும் இல்ல, அவர்கிட்டயும் இல்ல. அந்தா, அந்த ஸ்டாண்டுக்கு அடியில கிடக்குது, கையை விட்டுப் பாருங்க, எட்டாது... என்னைத் தேடிப் பார்த்தாலும் இல்ல... கம்பியை எதுக்கு எடுக்கறீங்க? நான் வயசான பொம்பளை, அவர் நெஞ்சு அளவு பத்தாதவர். எங்களை அடிச்சு அந்தப் பூட்டு திறக்குமா?

என்னங்க, அங்கேயே நில்லுங்க!... பார்த்தீங்க இல்ல கையில என்ன இருக்குன்னு? இது டெஸ்ட் இல்லங்க... அழாதீங்க. நான்தான் இருக்கேன் இல்ல.

...யாரு லைன்லயா? ஸ்டேஷன்தான். வேற யாருகிட்ட பேசுவேன்?... வந்துட்டே இருக்காங்க... போன்தானே வேணும்? தர்றேன். முதல்ல அவர் இறங்கி வந்து என் பக்கத்துல நிக்கட்டும். வழியை விடுங்க... விடுங்க சார். அவர் வந்தாதான் போன்.

...வாங்க. சுவரோரமா வாங்க. அவனைப் பார்க்காதீங்க, என்னைப் பார்த்துட்டே வாங்க... இன்னும் ஒரு படி... ம். என் பின்னால நில்லுங்க. தோளைப் புடிச்சுக்கோங்க.

இந்தாங்க சார், போன்.