திரைக்குப் பின்னால் ஒரு பதில் பாட்டு

டெனிசன்: இன்னா ரூத்து, பாதியில எழுந்து வெளிய வந்துட்ட... படம் இன்னும் முடியல.

ரூத்: போதும்ண்ணா. காதெல்லாம் இரையுது.

டெனிசன்: நான் எழுதின நாடகம், படமா வந்துகீது. படப்பை தியேட்டர்ல என் பேரு வருது... அதையாச்சும்...

ரூத்: பாத்தேன். பொடி எழுத்துல வந்துச்சு.

டெனிசன்: கிண்டலா... சரி, நீயே சொல்லு. நம்ம மேடைக்கு இது இன்னா கொறச்சல்? நெஜ ஏரி, நெஜ பரிசல். நாம நீலச் சேலைய ஆட்டிக்கினு இருந்தோம்.

ரூத்: அந்தச் சேலையில தண்ணி இருந்துச்சு. இதுல இல்ல.

டெனிசன்: பாட்டு?

ரூத்: அம்மாக்காரி பாட்டு நல்லாத்தான் கீது. கரையில நின்னு, முழுகிப்போன மவள கூப்பிடுறா. அப்புறம் மவ பதில் பாடுறா பாரு... அங்கதான்...

டெனிசன்: அங்க எனக்கும் சப்புனு போச்சு. மேடையில நீ அம்மாவா பாடி நிறுத்துவ... திரைக்குப் பின்னாலேர்ந்து அந்தக் கொரலு வரும். பென்னலூர்ல ஜனங்க மூச்சே வுடல.

ரூத்: ம்.

டெனிசன்: டைரக்டர் கூட, அந்தப் பொண்ணையே கூட்டினு வாங்க, படத்துலயும் பாடட்டும்னாரு.

ரூத்: நீ இன்னா சொன்ன?

டெனிசன்: ஊர்ல இல்லனு சொன்னேன்.

ரூத்: எந்தப் பொண்ணு?

டெனிசன்: அதத்தான் நானும் கேக்குறேன். யார நிக்க வெச்ச?

ரூத்: நானா... நீதான் ஏற்பாடு பண்ணேனு எல்லார்ட்டயும் சொல்லிக்கினு இருந்த.

டெனிசன்: பேரு கெடச்சுது... சொன்னேன். மேடை ஓரமா நின்னு பாட வேண்டிய ஜோஸ்லின், கம்பெனி ஓவர்டைம்ல மாட்டிக்கினு மொத நாள் வரவேயில்ல. பதில் பாட்டு இல்லாமயே முடிச்சிடலாம்னு நின்னேன். கொரலு வந்துச்சு. அதுக்கப்புறம் எந்த ஊர்லயும் ஜோஸ்லின நான் கூப்பிடவே இல்ல.

ரூத்: பின்னால போயி பாத்தியா?

டெனிசன்: பாத்தேன்... திரைய செவுத்தோட ஒட்டி கட்டியிருந்தோம் ரூத்து. ஆளு நிக்க எடமே இல்ல.

ரூத்: இத்தினி நாளா சொல்லவேயில்ல.

டெனிசன்: சொன்னா பயந்துக்கினு மேடை ஏற மாட்டியோனு... ஏன் இப்பிடி பாக்குற? உனக்கு... உனக்கு முன்னமே தெரியுமா?

ரூத்: மொத நாளே தெரியும்ண்ணா. நீ பாட்டுல "தாயே"னு எழுதியிருந்த. அந்தக் கொரலு "ம்மோவ்"னு கூப்பிட்டுச்சு... குவாரித் தண்ணியில முழுகிப்போன என் மவ ஜெர்சி அப்பிடித்தான் கூப்பிடுவா. அதுக்குத்தான் அடுத்த மேடை எங்க, அடுத்த மேடை எங்கனு உன் பின்னாலயே அலைஞ்சேன். படத்துலயும் கூப்பிடுவானு இன்னிக்கி லீவு போட்டுட்டு வந்தேன்... கூப்பிடல.