நாற்பது கிலோ நியாயம்

நான் இதுவரை எதன் மேலும் பந்தயம் கட்டியதில்லை சார். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆணாகப் பிறந்து, மீசையும் முளைத்த பிறகு, இப்படிச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வருவதைப் படிக்கிறவர்கள் என்னைச் சூதாடி என்று நினைத்துவிடக் கூடாது.

உட்காருங்கள். கரையேற்றி வைத்த இந்தப் போட்டின் நிழல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். தேடப் போனவர்கள் திரும்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அதோ, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் நைனா தாமோதரன். போன வருஷம்வரை ஞாயிறு என்றால் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு பொன்னேரியில் ரயில் பிடிப்பார். பட்டணத்தில் ஒரு கூடத்தில் சுவர் நிறைய டிவி வைத்திருப்பார்கள். அதில் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் ஓடும் குதிரைகளின் மேல் பணம் கட்டுவார். வாழ்நாளில் ஒரு குதிரையையும் தொட்டதில்லை. ஆனால் அவற்றின் தாத்தா பெயர்வரை தெரியும். என் தாத்தா பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நான் அவரைப் பற்றி நாலு முறை எழுதியிருக்கிறேன். எல்லாம் நல்ல வரவேற்பு.

பிறகு வரி ஏறியது. ஜெயித்த பணத்துக்கு வரி என்றால் மனிதன் பொறுத்துக்கொள்வான். இது கட்டுகிற பணத்தின் மேலேயே. நூற்றுக்கு இருபத்தெட்டு என்றபோது நைனாவும் கூட்டாளிகளும் முனகினார்கள். நாற்பது என்றபோது போவதை நிறுத்திவிட்டார்கள். கூடத்திலும் கூட்டம் குறைந்து பாதி டிவியை அணைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

"குதிர ஓடறதுக்கு முன்னாலயே கவர்மெண்டு ஜெயிச்சிடுது. அப்பால நான் இன்னாத்துக்குடா போவணும்?" என்றார் நைனா. அவர் சொன்னதில் எனக்குத் தெரிந்து தப்பே இல்லாத ஒரே பேச்சு அதுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகவில்லையே, வந்துகொண்டுதானே இருந்தது. குழம்பில் உப்பு சரியில்லை என்று அம்மாவிடம் சண்டை. வலையில் இல்லாத கிழிசலுக்கு என்னிடம் சண்டை. மனிதன் தோற்பதற்கு வெளியே ஓர் இடம் வேண்டும் சார். அது இல்லாவிட்டால் வீட்டில் தோற்கிறான். அது எல்லோருக்கும் கேட்கிறது.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். குதிரைப் பந்தயப் புத்தகம் மாதிரியே எங்கள் ஊர் பைபர் போட்டுகளுக்கு ஒரு பக்கம் எழுதி வாட்ஸ்அப்பில் விட்டேன். இன்ன போட்டு, இன்ன இன்ஜினுக்குப் பிறந்தது, ஓட்டுகிறவர் இன்னார், குடித்த மறுநாள் ஓட்டம் மந்தம் என்று. ஊரே சிரித்தது. அடுத்த ஞாயிறு பார்த்தால் நைனாவும் கூட்டாளிகளும் இஸ்திரிச் சட்டையோடு கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் திரும்பும் போட்டுகளில் எது முதலில் முகத்துவாரம் தாண்டி வந்து மணலைத் தொடுகிறதோ அதற்குப் பணம். ஆளுக்கு ஒரு தாளை மணலில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கிளிஞ்சலை வைத்தார்கள். மூளையைக் காற்று அடித்துப்போன பிறகு தாளை மட்டும் காப்பாற்றும் ஜனங்கள் என்று அதையும் எழுதினேன்.

வரி இல்லை. ரயில் கட்டணம் இல்லை. வீட்டில் குழம்பு சரியாகிவிட்டது.

ஒரே குறைதான். எப்போதும் பூவரசன் போட்டுதான் முதலில் வந்தது. பூவரசன் என் அக்கா வைஷ்ணவியின் புருஷன். முகத்துவாரத்தில் மணல் எந்தப் பக்கம் மேடிட்டிருக்கிறது, எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏற வேண்டும் என்பது அவருக்குக் கை ரேகை மாதிரி. என்னைப் பார்த்தால், "இன்னா மச்சான், என்னிய குதிர ஆக்கிட்டியாமே. கொள்ளு எப்ப வெக்கப்போற?" என்பார். சிரித்துக்கொண்டேதான். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னால் எதிரே கட்ட ஆள் ஏது? கூட்டம் குறைந்தது. நைனா சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். "இதுவும் போச்சுடா" என்றார். அன்று ராத்திரி மறுபடியும் உப்புச் சண்டை.

குதிரைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள் சார். நன்றாக ஓடும் குதிரைக்கு முதுகில் எடை கூட்டிக் கட்டுவார்கள். மற்றவையும் ஜெயிக்க வேண்டும் அல்லவா. நைனாதான் சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

நாற்பது கிலோ ஈரமணல், ஒரு சாக்கில். ஏன் நாற்பது என்று கேட்கிறீர்கள். அரசாங்கம் போட்ட அதே நாற்பது. யாருக்கும் சொல்ல முடியாத நகைச்சுவை என்பது எழுதுகிறவனுக்குப் பெரிய வேதனை.

பூவரசன் மாமாவின் போட்டைக் கழுவி வைப்பது என் வேலை. "மச்சான் பாத்துப்பான்" என்று மாமா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அணியத்தில், அதாவது போட்டின் முன்தலையில், பலகைக்குக் கீழே சாக்கை வைத்துப் பழைய வலையைப் போர்த்தினேன். அந்த வாரமும் அவர்தான் முதல். அடுத்த வாரம் இரண்டு சாக்கு. அப்போதும் அவர்தான், ஆனால் கொஞ்ச வித்தியாசத்தில். கரையில் சத்தம் கூடியது. எதிர்ப்பக்கம் கட்ட ஆள் வந்தது. மாமா மட்டும் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று சொல்லி, கடன் வாங்கி ரிப்பேர் பார்த்தார்.

இன்று நாலு சாக்கு. ஏறிக்கொண்டே போவதுதான் வரியின் குணம்.

விடியும் முன்னே போட்டுகளை இறக்கும்போது அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள். தண்ணீரில் நின்ற போட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னாடா, மாமா போட்டு மின்னால தாழ்ந்தாப்ல கீது?" என்றாள். மீன்காரப் பெண்ணின் கண் அது.

"ஐஸ் கொஞ்சம் ஜாஸ்தி ஏத்திக்கினாங்கக்கா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். மாமாவும் அவளுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நைனா இன்று முதல் முறையாக மருமகனுக்கு எதிராகக் கட்டினார். திரும்பும்போது முகத்துவாரத்தில் வாடைக்காற்று அலையை உயர்த்திக்கொண்டிருந்தது. முதலில் உலகநாதன் போட்டு உள்ளே வந்து மணலைத் தொட்டது. நைனா ஜெயித்துவிட்டார் சார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். கிளிஞ்சலை நகர்த்தித் தாளை எடுக்கக் குனிந்தார். அந்த நேரத்தில்தான் பின்னால் வந்த மாமா போட்டை ஓர் அலை பிற்பக்கமாகத் தூக்கியது. அணியம் தண்ணீருக்குள் போனது. போனது எழவில்லை. போட்டு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. கூட இருந்த இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். மாமா இன்ஜின் பக்கம் இருந்தார். வரவில்லை.

குனிந்த நைனா இன்னும் நிமிரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எடையைப் பின்னால் வைத்திருந்தால் போட்டின் வேகம் மட்டும்தானே குறைந்திருக்கும் என்று உங்கள் ஏட்டு கேட்டார். அவரும் கடற்கரைக்காரர் போலிருக்கிறது. உண்மைதான். அலை பின்னாலிருந்து தூக்கும் இடத்தில் அணியம் லேசாக இருக்க வேண்டும். இது இங்கே நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே மாமாதான். ஆனால் பின்னால் வைத்தால் அவர் காலில் இடித்திருக்கும். பார்த்திருப்பார். பந்தயம் நின்றிருக்கும்.

ஆகவே நான் கொலை செய்யவில்லை. ஒரு போட்டியைச் சமமாக்கினேன். வரி போடுகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான் இது. அவர்களை யாரும் கரையில் உட்காரவைத்து விசாரிப்பதில்லை.

தேடப் போன போட்டுகள் வடக்கே போயிருக்கின்றன. அது வீண் வேலை. இந்த மாதத்தில் தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும், வன்னி வெள்ளம் என்போம். இந்த இழுப்புக்கு மாமா இங்கே லைட்ஹவுஸ் பக்கம் ஒதுங்க மாட்டார். தெற்கே கருங்காலி ஊர் மணலில்தான், நாளைக் காலைக்குள். ஏட்டு இல்லை என்கிறார். இங்கேயே வந்துவிடும் என்கிறார். அக்காவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அங்கே தண்ணீர் ஓரம் நிற்கிறாள்.

என் சட்டைப்பையில் ஒரு நூறு ரூபாய் இருக்கிறது சார். நான் கருங்காலி என்கிறேன். ஏட்டு கட்டாவிட்டால் பரவாயில்லை, சும்மா இங்கே இருக்கட்டும்.

அந்தக் கிளிஞ்சலைக் கொஞ்சம் எடுத்துக்கொடுங்கள். காற்று அதிகமாக இருக்கிறது.