கட்டுப் போட்ட முட்டி

இல்லம்மா, உன்மேல எனக்கு என்ன கோபம்? மொதல்ல உக்காரு. எம்பொண்ணு பக்கத்துத் தெருவுல பிள்ளைங்களுக்குக் குஸ்தி சொல்லிக் குடுக்கப் போயிருக்கா, வந்துருவா. கதவைத் திறந்ததுமே உன்னைத் தெரிஞ்சுபோச்சு. டிவியில பாத்த முகம்தானே. காதும் அவ காது மாதிரியே குஸ்தி போட்டுப் போட்டு நசுங்கிப் போயிருக்கு. பேச்சும் நம்ம பேச்சேதான். எல்லைக்கு அந்தப் பக்கம் பொறந்துட்ட, அவ்வளவுதான்.

என்ன, அவளும் உன்கூட மேடை ஏறணுமா? ஓ, ரெண்டு நாடும் சேந்து நடத்துற அந்த நட்புப் போட்டி. பேப்பர்ல போட்டோ பாத்தேன், உங்க மந்திரியும் எங்க மந்திரியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அன்னிக்கு ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டேன்னவங்க. இப்ப நீயும் அவளும் கைகோத்து நிக்கணுமாக்கும். அவங்க அனுப்பி வந்தியா? நீயாத்தானா? சரி, அப்பச் சொல்றேன்.

அந்த உலகப் போட்டி அரையிறுதியில அவளுக்கு எதிரா நீன்னு வந்ததும் ஒரே குஷி. போன்ல உன்னைப் பத்தியேதான் பேச்சு. நீ எந்தப் பக்கம் சாயுவ, எப்பக் காலை வாருவ, எல்லாம் பாத்து வெச்சிருந்தா. மறுநாள் எடை பாக்கப் போனவளை எங்க குஸ்திச் சங்கத் தலைவரு ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருக்காரு. மேலிடத்து உத்தரவு, அந்த நாட்டுக்காரியோட களத்துல நிக்கக் கூடாது. வேணும்னே வரலன்னு சொன்னா உலகச் சங்கம் நம்ம நாட்டையே தடை பண்ணிரும், அதனால முட்டியில அடின்னு சொல்லிருன்னாராம். அவ வாயைத் திறக்கறதுக்குள்ள ஒருத்தன் கீழ உக்காந்து கட்டுப் போட ஆரம்பிச்சுட்டான். எந்தக் கால்னுகூடக் கேக்கல பாவி.

அங்க நீ தனியா நின்ன. ரெஃப்ரி உன் கையைத் தூக்குனாரு. உன் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல, நான் பாத்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்தவ நொண்டுனா. தெருமுனையில கேமராக்காரங்க, நொண்டித்தானே ஆகணும்? வீட்டுக்குள்ளயும் நொண்டுனா. எங்கிட்டகூடச் சொல்லல. தைலம் எடுத்துக்கிட்டு உக்காந்தேன். குழந்தையிலேருந்து நான் பிடிச்சு விட்ட கால், எனக்குத் தெரியாதா? ஒரு வீக்கம் கிடையாது. நான் ஒண்ணும் கேக்காம தேச்சுக்கிட்டே இருந்தேன். அவ தலகாணியில மூஞ்சியப் புதைச்சுக்கிட்டு அழுதா.

தெருவுல பாதிப்பேரு உன்னோட மோதாம நாட்டு மானத்தைக் காப்பாத்திட்டான்னு சொன்னாங்க. மீதிப்பேரு பயந்து படுத்துட்டான்னு சொன்னாங்க. அந்த ரெண்டாவதுதான் அவளை அரிச்சுத் தின்னுச்சு.

அப்பத்தான் நீ பேட்டி குடுத்த. அவளுக்கு அடியும் இல்ல ஒண்ணும் இல்ல, முந்தின சாயங்காலம்கூடப் பயிற்சியில பாத்தேன், பயப்படற ஆளும் இல்ல, யாரோ தடுத்திருக்காங்க, விசாரிக்கணும்னு சொன்ன. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தா. என்னை நம்பறதுக்கும் ஒருத்தி இருக்காம்மான்னா. அன்னிக்குத்தான் ஒழுங்கா ரெண்டு வாய் சாப்பிட்டா. அதுக்கே உன்னைக் கையெடுத்துக் கும்பிடணும்.

டீ ஆறுது, குடி.

நீ கேட்ட விசாரணையா? வந்துச்சே. உலகச் சங்கத்து டாக்டரு நேர்ல வந்து முட்டியைப் பாக்கப் போறாருன்னு தகவல். உடனே எங்க சங்கத்துலேருந்து பெரிய கார் வந்துச்சு. சும்மா ஒரு பரிசோதனை, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுருவோம்னாங்க. படுக்க வெச்சு மயக்க மருந்து குடுத்து, நல்ல முட்டியை அறுத்துத் தெச்சுட்டாங்கம்மா. அந்த டாக்டரு வந்தாரு, தையலைப் பாத்தாரு, அடிபட்டது உண்மைதான்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் அந்தக் காலை மடக்க முடியல.

எந்திரிக்காத. உக்காரும்மா. நீ நல்லதைத்தான் நெனச்ச. அவளும் அப்படித்தான் சொல்றா.

இதை உங்கிட்டச் சொல்லவே கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. எனக்குத்தான் மனசு கேக்கல. வந்ததும், அன்னிக்கு நெஜமாவே முட்டியில அடிதான், நீதான் தப்பா நெனச்சுக்கிட்டன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. உன் மனசு கஷ்டப்படக் கூடாதாம். சொன்னா நம்பிட்ட மாதிரி தலையாட்டிரு, தாயி.