நாலு பேரும் வெளியே வரணும்

தங்கை: ...இடது பக்கம் வேண்டாண்ணா. சுவர்ல முட்டிக்குவான்.

அண்ணன்: சுவர் எத்தனை கட்டம் தள்ளி?

தங்கை: மூணு. இரு, எண்ணிக்கறேன்... நாலு.

அண்ணன்: மூணா, நாலா? இதுல ஒரு கட்டம் தப்பினா உயிர் போயிடும்.

தங்கை: நாலு. டிவியில மூக்க வச்சுப் பாத்துட்டுதான் சொல்றேன். ஒவ்வொரு சிப்பாயும் எறும்பு சைஸுல இருக்கான்.

அண்ணன்: டிவியில மாட்டற அந்தக் காலத்து கம்ப்யூட்டர் கேம்ல பட்டாளம்னா அவ்வளவுதான். பச்சையா ஒரு புள்ளி, அது மேல ஒரு தொப்பி.

தங்கை: தொப்பியா? நான் தலைனு நினைச்சேன்.

அண்ணன்: உன்ன நம்பிப் போருக்குக் கிளம்பினேன் பாரு.

தங்கை: கண்ணு என்னோடது, விரல் உன்னோடது. அதான பேச்சு?

அண்ணன்: விரல் பரவால்ல. முப்பது வருஷம் ஆச்சு, எந்தப் பட்டன் எங்கனு அதுவாப் போகுது. வீட்டுக்குள்ள பாத்ரூம்தான் கிடைக்க மாட்டேங்குது.

தங்கை: அதுக்குத்தான் அந்தப் பயிற்சிக்கு வானு...

அண்ணன்: ஆரம்பிச்சுட்டியா.

தங்கை: சரி, சொல்லல.

அண்ணன்: பந்தயம் பந்தயம்தான். எதிரி கட்டடத்துக்குள்ள போயிட்டு நாலு பேரும் உயிரோட வெளிய வந்தா திங்கக்கிழமை உன்கூட வர்றேன். வெள்ளைக் குச்சியப் பிடிச்சுத் தெருவுல நடக்கக் கத்துக்கறேன். ஒருத்தன் செத்தாலும் நீயும் உங்க அண்ணியும் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

தங்கை: பார்வை போய் எட்டு மாசமாச்சு. கேட்டைத் தாண்டல நீ.

அண்ணன்: இருபது வருஷம் பஸ் ஓட்டினவன் தெருவுல தடவிக்கிட்டு நிக்கறதப் பாக்க ஊருக்கு என்ன அவசரம்? ...ரெண்டாம் நம்பர் அமுக்கறேன். யாரு ரெண்டு?

தங்கை: சித்தப்பா. ஒண்ணு வாத்தியார், மூணு தடியன். நாலு கொசு.

அண்ணன்: உன் பேரையே வச்சுட்டியா. கொசு எங்க நிக்குது?

தங்கை: கடைசில, மரத்தடியில.

அண்ணன்: அங்கயே கிடக்கட்டும். சின்ன வயசுல உன்ன உக்கார வச்ச மாதிரி.

தங்கை: அதச் சொல்லு. கேசட்லேந்து கேம் ஏத்த, டேப்ல பட்டன் அமுக்க மட்டும் நான் வேணும். அது ‘கீ’ன்னு கத்துறத கால் மணி நேரம் கேட்டுட்டு உக்காந்திருப்பேன். கேம் வந்ததும் ‘கிளம்பு’ன்னுடுவே.

அண்ணன்: ராணுவ ரகசியம்டி.

தங்கை: அப்புறம் சாப்பிட வரும்போது ‘இன்னிக்கும் ஜெயிச்சாச்சு’ன்னு நெஞ்ச நிமிர்த்திக்குவே.

அண்ணன்: ம்... சித்தப்பாவ சன்னலுக்குக் கீழ படுக்கச் சொல்லியாச்சு. எதிரி?

தங்கை: ஒருத்தன். சன்னல்லயே நிக்கறான். சிவப்பு.

அண்ணன்: சுடறேன்... விழுந்தது யாரு?

தங்கை: ...சிவப்பு.

அண்ணன்: ரெண்டு சத்தம் கேட்டுச்சே.

தங்கை: ரெண்டு சிவப்பு. பின்னாடி இன்னொருத்தன் இருந்திருக்கான், நான் கவனிக்கல.

அண்ணன்: சித்தப்பா?

தங்கை: ஜம்முனு படுத்திருக்கார்.

அண்ணன்: ம்... ஆமா, இந்த மெஷினை யாருகிட்ட கொடுத்துச் சரி பண்ணினே?

தங்கை: டேப்புக்குள்ள ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாயிடுச்சு. நாலு கடைல முடியாதுன்னுட்டாங்க. அஞ்சாவது கடைக்காரர், ‘இத வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க’ன்னார். எங்கண்ணனுக்குச் சண்டை போடணும்னேன்.

அண்ணன்: வீட்டுல பொண்டாட்டியோட போடறது பத்தலையாமான்னு கேட்டிருப்பார்.

தங்கை: அண்ணி பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. காதுல விழும்.

அண்ணன்: விழட்டும்... கொசு.

தங்கை: என்ன?

அண்ணன்: ஒண்ணுமில்ல. ‘இங்க பாரு, அங்க பாரு’ன்னு என்கிட்ட இப்பல்லாம் யாரும் சொல்றதில்ல. அந்த வார்த்தைக்கே பயப்படறாங்க. வந்ததுலேந்து நீ பத்து தடவ சொல்லிட்டே. நல்லாருக்கு.

தங்கை: அழ வைக்காதே. திரை தெரியாது எனக்கு.

அண்ணன்: அப்புறம் ரெண்டு பேருக்கும் குச்சி வாங்கணும். வாத்தியார் எங்க?

தங்கை: வாசல்ல. பின்னாடியே தடியன்.

அண்ணன்: கதவு?

தங்கை: திறந்திருக்கு.

அண்ணன்: ரெண்டு பேரையும் உள்ள விடறேன்... என்னடி, பேச்சக் காணோம்?

தங்கை: பாத்துட்டிருக்கேன்.

அண்ணன்: மூணு அமுக்கிட்டேன். தடியன் நகர்றானா?

தங்கை: நகர்றான், நகர்றான். அந்த உடம்ப வச்சுக்கிட்டு மெதுவாத்தான வருவான்.

அண்ணன்: அப்ப கொசுவையும் கிளப்பலாம்.

தங்கை: வேண்டாண்ணா. அது மரத்தடியிலயே...

அண்ணன்: நாலு பேரும் வரணும்ல? இதோ...

தங்கை: அண்ணா...

அண்ணன்: பாட்டு வருதே. என்ன ஆச்சு?

தங்கை: ...ஜெயிச்சுட்டோம்ணா.

அண்ணன்: நாலு பேருமா?

தங்கை: நாலு பேரும்.

அண்ணன்: எப்படி வெளிய வர்றாங்க? விவரமாச் சொல்லு.

தங்கை: நீ பாக்காததா?

அண்ணன்: மறந்துடுச்சு. சொல்லேன்.

தங்கை: ஒரு... ஹெலிகாப்டர் வருது. குட்டியா. காத்துல புல்லெல்லாம் படுக்குது. வாத்தியார் முதல்ல ஏறறார். சித்தப்பாவ ரெண்டு பேர் தூக்கி விடறாங்க.

அண்ணன்: அவருக்கென்ன கேடு?

தங்கை: இவ்வளவு நேரம் படுத்தே இருந்தார்ல. கால் மரத்துப் போச்சு.

அண்ணன்: சரி. தடியன்?

தங்கை: அவன் கால வச்சதும் ஹெலிகாப்டர் ஒரு பக்கமா சாயுது.

அண்ணன்: சாயும், சாயும். கொசு?

தங்கை: கடைசியா ஓடி வருது. கிட்டத்தட்ட விட்டுட்டுப் போயிடுவாங்க போல... மேலேந்து ஒருத்தர் கை நீட்டறார். பிடிச்சுக்குது. அவ்வளவுதாண்ணா. திரை கறுப்பாயிடுச்சு.

அண்ணன்: பாட்டும் நின்னுடுச்சு.

தங்கை: அப்ப... திங்கக்கிழமை?

அண்ணன்: நான் ஒருநாளும் இதுல ஜெயிச்சதில்ல, கொசு. உங்கிட்ட அளந்ததெல்லாம் புளுகு. ஜெயிக்கவே முடியாதுன்னு தெரிஞ்சுதான் பந்தயமே கட்டினேன். கடைசில ஹெலிகாப்டர் வருமா, வேற ஏதாவது வருமா, சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா இந்தப் பாட்டு நல்லாத் தெரியும்... நாலு பேரும் செத்தா வர்றது, தினம் தினம் கேட்டிருக்கேன். எட்டு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாதே.