பாரா சைபர்

"எங்க வீட்டுக்காரருதான் பட்டாளத்துல பாரா நிக்காரு. என் சீட்டுல எதுக்கு பாரா சைபர்னு போட்டிருக்காக?"

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் தனியாக வந்த கர்ப்பிணிப் பெண், பக்கத்திலிருந்த நர்ஸிடம் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டிக் கேட்டாள்.

"அது காவல் இல்லக்கா. பிரசவத்துக்கு லத்தீன்ல உள்ள வார்த்தை. எத்தனை பிள்ளை பெத்தீங்கன்னு அர்த்தம்."

"எட்டாம் மாசத்துல ஒருத்தன் பொறந்தானே. ரெண்டு மணி நேரம் இருந்தான்."

"அப்போ ஒண்ணுன்னுதான் போடணும். டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திருங்க."

"பேரும் கேப்பாகளா?"

"கேக்க மாட்டாகக்கா."

அவள் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். "பேரு வச்சிருந்தேன். அவருகிட்டகூட இன்னும் சொல்லல."

நர்ஸ் அவள் பக்கம் குனிந்து, "என்ன பேருக்கா?" என்றாள்.

அவள் சொன்னாள். பஸ் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.